வேண்டாம் என்று ஓட்டு, வேண்டும் என்று வேண்டுதல்: அமெரிக்கக் கடன் உச்சவரம்பு அரசியல்

2006 மார்ச் 16 அன்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட் சபையில் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. அரசு வாங்கக்கூடிய மொத்தக் கடனின் வரம்பை ஏறக்குறைய 9 லட்சம் கோடி டாலராக உயர்த்தலாமா வேண்டாமா என்பது கேள்வி. அப்போது அதிபர் குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் புஷ். மசோதா 52-48 என்ற கணக்கில் தப்பிப் பிழைத்தது. ஜனநாயகக் கட்சிக்காரர் ஒருவர்கூட ஆதரிக்கவில்லை. வரம்பை உயர்த்த வேண்டிய நிலைக்கு நாடு வந்ததே தலைமையின் தோல்வி என்று அன்று பேசியவர்களில் இல்லினாய்ஸ் மாநிலத்தின் இளம் செனட்டர் ஒருவரும் உண்டு. அவர் பெயர் பராக் ஒபாமா.

ஐந்து ஆண்டுகள் போயின. 2011-ல் அதே ஒபாமா அதிபர் நாற்காலியில் இருந்தார். அதே வரம்பை உயர்த்தித் தாருங்கள் என்று இப்போது அவர் கேட்டார், குடியரசுக் கட்சி முடியாது என்றது. 2006-ல் தான் போட்ட ஓட்டு தவறு, அது அரசியலுக்காகப் போட்டது என்று ஒபாமா பேட்டியிலேயே ஒப்புக்கொண்டார்.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்போமே, அமெரிக்கக் கடன் உச்சவரம்புச் சண்டையின் சாரம் அதுதான். யார் ஆட்சியில் இருக்கிறார்களோ அவர்களுக்கு வரம்பை உயர்த்துவது நாட்டுக் கடமை. எதிரில் இருப்பவர்களுக்கு அது பொறுப்பில்லாத ஊதாரித்தனம். ஆட்சி மாறினால் வசனங்களும் இடம் மாறிக்கொள்ளும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை "அமெரிக்கா திவாலாகப் போகிறதா?" என்று நம் செய்திச் சேனல்களில் ஓடுமே, அப்போது உண்மையில் அங்கே என்ன நடக்கிறது என்பதை அடியிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

(அவர்கள் டிரில்லியன் என்பதைத்தான் நான் லட்சம் கோடி என்று எழுதுகிறேன்.)

உச்சவரம்பு என்றால் என்ன?

ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் முழுக்கத் தெருமுனை மளிகைக் கடையில் நோட்டுப் போட்டுச் சாமான் வாங்குகிறார்கள். என்ன வாங்குவது என்று வீட்டில் எல்லாரும் கூடித்தான் முடிவு செய்தார்கள். அரிசி வந்தது, பருப்பு வந்தது, சமைத்துச் சாப்பிட்டும் ஆயிற்று. மாதக் கடைசியில் கடைக்காரர் நோட்டை நீட்டுகிறார். கையில் பணம் போதவில்லை, யாரிடமாவது கைமாற்று வாங்கித்தான் கொடுக்க வேண்டும். அப்போது அதே குடும்பம் மறுபடி உட்கார்ந்து, "கைமாற்று வாங்க நம் வீட்டுக்கு அனுமதி உண்டா?" என்று ஓட்டெடுப்பு நடத்தினால் எப்படி இருக்கும்? அதுதான் கடன் உச்சவரம்பு.

இதை முதலில் மனதில் இருத்திக்கொள்ளுங்கள், ஏனென்றால் பலரும் தவறுவது இங்கேதான். உச்சவரம்பை உயர்த்துவது புதிய செலவுக்கு அனுமதி தருவதாகாது. செலவை நாடாளுமன்றமான காங்கிரஸ் ஏற்கெனவே சட்டமாக்கிவிட்டது. முதியோர் ஓய்வூதியம், ராணுவச் சம்பளம், மருத்துவக் காப்பீடு, அரசு விற்ற பழைய கடன் பத்திரங்களுக்கு வட்டி எல்லாம் சட்டப்படி கொடுத்தே தீர வேண்டியவை. வரி எவ்வளவு வசூலிப்பது என்பதையும் காங்கிரஸ்தான் சட்டமாக்கியது. வரவுக்கு மேல் செலவு போனால் மிச்சத்தைக் கடன் வாங்கித்தான் ஈடுகட்ட வேண்டும். அது கணக்கு. ஆனால் "இவ்வளவுக்கு மேல் கடன் வாங்காதே" என்று மூன்றாவதாக ஒரு சட்டமும் இருக்கிறது. முதல் இரண்டு சட்டங்களையும் மதித்தால் மூன்றாவதை மீறியாக வேண்டிய நாள் வரும். மூன்றும் ஒரே காங்கிரஸ் போட்டவை.

இப்படி ஒரு விசித்திரம் எப்படி வந்தது? முதல் உலகப் போருக்கு முன்பு, பனாமா கால்வாய்க்கு இவ்வளவு, இன்ன காரியத்துக்கு இவ்வளவு என்று ஒவ்வொரு பத்திர வெளியீட்டுக்கும் காங்கிரஸ் தனித்தனியாக அனுமதி கொடுத்துக்கொண்டிருந்தது. போர் வந்ததும் அப்படி ஒவ்வொன்றுக்கும் காத்திருக்க முடியவில்லை. 1917-ல் லிபர்ட்டி பத்திரச் சட்டத்தின் மூலம், குறிப்பிட்ட அளவுக்குள் கருவூலத் துறையே பார்த்துக் கடன் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டார்கள். 1939-ல் எல்லா வகைக் கடனுக்கும் சேர்த்து 4,500 கோடி டாலர் என ஒரே வரம்பு வந்தது. ஆக, கடனைக் கட்டுப்படுத்தப் பிறந்த சட்டமல்ல இது. கடன் வாங்கும் வேலையை எளிதாக்கப் பிறந்தது. அது பிற்பாடு அரசின் கழுத்தைப் பிடிக்கும் கயிறாக மாறியது பிறந்த கதைக்கு நேர் எதிர்.

வரம்பைத் தொட்ட அன்றே எதுவும் இடிந்து விழுவதில்லை. கருவூலத் துறை "அசாதாரண நடவடிக்கைகள்" என்ற பெயரில் சில கணக்கு வேலைகளைச் செய்யும். அரசு ஊழியர்களின் ஓய்வூதிய நிதியில் புதிதாகப் போட வேண்டிய பத்திரங்களைக் கொஞ்ச நாள் போடாமல் நிறுத்தி வைக்கும், பிறகு வட்டியோடு ஈடுகட்டிவிடும். இப்படிச் சில வாரங்களோ மாதங்களோ ஓட்டலாம். அதற்கும் மேல் கையிருப்பு தீர்ந்து, வருகிற பில்லுக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்ற நாள் ஒன்று வரும். அதை வாஷிங்டனில் "எக்ஸ் நாள்" என்கிறார்கள். அந்த நாளை முன்கூட்டிச் சரியாகச் சொல்ல முடியாது. ஏப்ரலில் வரி எவ்வளவு வருகிறது, ஜூன் நடுவில் முன்வரி எவ்வளவு வருகிறது என்பதைப் பொறுத்து அது நகரும். 2023-ல் நிதியமைச்சர் ஜேனட் யெல்லன் முதலில் ஜூன் 1 என்றார், பிறகு ஜூன் 5 என்று திருத்தினார். பேரம் பேசுகிறவர்களுக்கு இந்த நாள்தான் எல்லாம். ஏனென்றால் அதற்கு முந்தைய இரவு வரை யாரும் இறங்கி வர மாட்டார்கள்.

ஏன் அங்கே மட்டும் இந்தச் சண்டை?

இந்தியா, பிரிட்டன் போன்ற நாடுகளில் வளர்ந்த நமக்கு இது புரியாததற்கு ஒரு காரணம் உண்டு. இங்கே கீழவையில் பெரும்பான்மை உள்ளவர்தான் பிரதமர். நிதி மசோதா தோற்றால் அரசே கவிழும். ஆகவே செலவும் கடனும் ஒரே கையில் இருக்கின்றன. அமெரிக்காவில் அதிபரை மக்கள் தனியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், கீழவையான பிரதிநிதிகள் சபையைத் தனியாக, செனட்டைத் தனியாக. மூன்றும் ஒரே கட்சியின் கையில் இல்லாமல் போகலாம். பிரதிநிதிகள் சபையில் தோற்றாலும் அதிபர் வீட்டுக்குப் போக மாட்டார், அவருடைய எதிரிகளும் போக மாட்டார்கள். தேர்தல் வைத்துத் தீர்க்க வழியில்லாமல் இரண்டு பேரும் எதிரெதிரே நின்றபடி இருக்கலாம்.

போதாததற்கு, செனட்டில் பெரும்பாலான மசோதாக்களை இறுதி வாக்கெடுப்புக்குக் கொண்டுவரவே 100-ல் 60 பேர் தேவை. ஆளுங்கட்சிக்கு 51 இருந்தால்கூட எதிரணியில் ஒன்பது பேரையாவது கெஞ்ச வேண்டியிருக்கும். இந்த 60 என்ற எண்ணை நினைவில் வையுங்கள்.

சரி, எல்லாருக்கும் தெரியும், வரம்பை உயர்த்தியே ஆக வேண்டும். உயர்த்தாவிட்டால் உலகச் சந்தையே ஆட்டம் காணும். பிறகு எதற்குச் சண்டை? ஏனென்றால் "கடனை உயர்த்த ஓட்டுப் போட்டவர்" என்ற பட்டம் தேர்தலில் சுமை. தொலைக்காட்சி விளம்பரத்தில் அரை நிமிடத்தில் சொல்லி முடித்துவிடலாம். "ஐயா, அது ஏற்கெனவே செய்த செலவுக்குத்தான்" என்று பதில் சொல்ல ஐந்து நிமிடம் வேண்டும். ஆகவே ஒவ்வொரு உறுப்பினரின் மனநிலையும் ஒன்றுதான்: மசோதா நிறைவேற வேண்டும், ஆனால் என் ஓட்டு அதில் இருக்கக் கூடாது.

2014 பிப்ரவரி 12

இந்த மனநிலையைச் சுத்தமாகக் காட்டும் நாள் ஒன்று உண்டு. அதற்கு முந்தைய அக்டோபரில் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை முடக்க வேண்டும் என்ற கோரிக்கையோடு குடியரசுக் கட்சி மோதியது. 16 நாட்கள் அரசு அலுவலகங்கள் மூடிக் கிடந்தன, கடன் வரம்பும் கூடவே நெருங்கியது. கடைசியில் எதுவும் கிடைக்காமல் கட்சியின் பெயர்தான் கெட்டது. அடுத்த முறை வரம்பு வந்தபோது பிரதிநிதிகள் சபையின் குடியரசுக் கட்சிச் சபாநாயகர் ஜான் பெய்னர் களைத்துப் போயிருந்தார். நிபந்தனை எதுவும் இல்லாத மசோதாவையே வாக்கெடுப்புக்கு வைத்தார். 221-201 என்று நிறைவேறியது. அதில் அவருடைய கட்சியின் ஓட்டு வெறும் 28. மீதி எல்லாம் எதிரணியான ஜனநாயகக் கட்சி போட்டது.

மறுநாள் செனட். அங்கே ஜனநாயகக் கட்சி அணிக்கு 55 பேர். குடியரசுக் கட்சித் தலைமையின் திட்டம் எளிது: யாரும் தடை சொல்லாமல் விட்டால் சாதாரணப் பெரும்பான்மையே போதும். 55 பேர் ஆதரிக்கட்டும், நாம் எல்லாரும் எதிர்த்து ஓட்டுப் போட்டுவிட்டு நிம்மதியாக ஊருக்குப் போகலாம். ஆனால் அதே கட்சியின் டெட் குரூஸ் ஒத்துக்கொள்ளவில்லை. 60 வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். இப்போது அவருடைய கட்சியிலிருந்தே ஐந்து பேராவது வெளிப்படையாகக் கை தூக்க வேண்டும். யார் பூனைக்கு மணி கட்டுவது? அந்த ஆண்டு கென்டக்கியில் சொந்தக் கட்சிக்குள்ளேயே போட்டியைச் சந்தித்துக்கொண்டிருந்த கட்சித் தலைவர் மிட்ச் மெக்கானல் வேறு வழியில்லாமல் ஆம் என்று வாக்களித்தார், துணைத் தலைவர் ஜான் கார்னினும் வாக்களித்தார். தலைவர்கள் இறங்கியதும் இன்னும் சிலர் சேர்ந்துகொண்டார்கள். வாக்கெடுப்புக்குப் போகலாமா என்ற கேள்விக்கு 67-31 என்று வழி திறந்தது.

பிறகு இறுதி வாக்கெடுப்பு: 55-43. சற்று முன்பு வழிவிட்ட குடியரசுக் கட்சியினரில் ஒருவர்கூட இப்போது ஆதரிக்கவில்லை. கதவைத் திறந்துவிட்டவர்களே "உள்ளே வராதே" என்று ஓட்டுப் போட்டார்கள். இரண்டு ஓட்டும் ஒரே நாளில்.

எனக்கு இதில் கோபம் வருவது குரூஸ் மேல் மட்டுமல்ல. அவர் செய்தது ஆபத்தான விளையாட்டு, சந்தேகமில்லை. ஆனால் நாட்டுக்கு எது தேவை என்று தெரிந்தும், அதைத் தன் பெயரில் செய்யத் துணிவில்லாமல் அடுத்தவர் தலையில் கட்டும் பழக்கம் இரண்டு கட்சிகளிலும் ஊறிப் போயிருக்கிறதே, அதுதான் வருத்தம்.

பணயம் வைப்பது

எதிர்த்து ஓட்டுப் போடுவது ஒரு ரகம். அது பெரும்பாலும் நாடகத்தோடு முடிந்துவிடும். இன்னொரு ரகம், ஓட்டையே பிணையாகப் பிடித்து வைத்துக்கொண்டு விலை கேட்பது. இது முன்பும் நடந்திருக்கிறது. 1985-ல் பற்றாக்குறையைக் குறைக்கும் கிராம்-ரட்மன்-ஹாலிங்ஸ் சட்டத்தைக் கடன் வரம்பு மசோதாவோடு சேர்த்துத்தான் நிறைவேற்றினார்கள். 1995-96-ல் சபாநாயகர் நியூட் கிங்ரிச், பட்ஜெட்டில் தன் வழிக்கு வராவிட்டால் வரம்பை உயர்த்த மாட்டேன் என்று அதிபர் கிளிண்டனை நெருக்கினார். நிதியமைச்சர் ராபர்ட் ரூபின் ஓய்வூதிய நிதிக் கணக்குகளை வைத்தே மாதக்கணக்கில் சமாளித்தார். மக்கள் கோபம் கிங்ரிச் பக்கம் திரும்பியது. 1996 மார்ச்சில் வரம்பு உயர்ந்தது, நவம்பரில் கிளிண்டன் மறுபடி வென்றார்.

ஆனால் விளையாட்டின் இயல்பே மாறியது 2011-ல். 2010 தேர்தலில், அரசுச் செலவையும் வரியையும் எதிர்த்த டீ பார்ட்டி இயக்கத்தின் அலையில் வந்த புதிய குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் பிரதிநிதிகள் சபையை நிறைத்திருந்தார்கள். வரம்பை எத்தனை டாலர் உயர்த்துகிறோமோ அத்தனை டாலர் செலவை வெட்ட வேண்டும் என்று பெய்னர் விதி வைத்தார். இதற்கு முன் மிரட்டியவர்களுக்கும் இவர்களுக்கும் ஒரு வேறுபாடு. பழையவர்கள் கடைசியில் விட்டுக்கொடுப்பார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். இவர்களில் கணிசமானவர்கள், எக்ஸ் நாளைத் தாண்டினாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது என்று உண்மையிலேயே நம்பினார்கள். நிஜமாகவே குதிக்கத் தயாராக இருப்பவனோடு மலை விளிம்பில் பேரம் பேசுவது வேறு கதை.

ஒபாமாவும் பெய்னரும் தனியாகப் பேசிய பெரிய உடன்பாடு ஜூலையில் உடைந்தது. கருவூலத் துறை சொன்ன கெடு ஆகஸ்ட் 2. அன்றைக்கேதான் பட்ஜெட் கட்டுப்பாட்டுச் சட்டம் கையெழுத்தானது. அடுத்த பத்து ஆண்டுச் செலவுக்கு வரம்புகள் வந்தன. மேலும் எங்கே வெட்டுவது என்று முடிவு செய்ய இரு கட்சியிலும் சேர்ந்து 12 பேர் குழு போட்டார்கள். அந்தக் குழு நவம்பரில் கையை விரித்தது. அதனால் 2013-ல் நல்லது கெட்டது பாராமல் பல துறைகளிலும் வெட்டு விழுந்தது.

அந்தச் சட்டத்துக்குள் மெக்கானல் யோசித்த ஒரு பொறி இருந்தது. எனக்கு இந்த விவகாரத்தில் மிகவும் வியப்பூட்டுவது அதுதான். வரம்பை அதிபரே உயர்த்திக்கொள்ளலாம். காங்கிரஸ் விரும்பினால் "இதை ஏற்கவில்லை" என்று தீர்மானம் போடலாம். அந்தத் தீர்மானத்தை அதிபர் வீட்டோ செய்துவிடலாம். அதை முறியடிக்க மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், அது கிடைக்கவே கிடைக்காது. விளைவு என்ன? கடன் வரம்பு உயரும். குடியரசுக் கட்சிக்காரர்கள் ஒவ்வொரு முறையும் எதிர்த்து ஓட்டுப் போட்டு ஊரில் சொல்லிக்கொள்ளலாம். பழி முழுக்க அதிபர் தலையில். பிரதிநிதிகள் சபை பிறகு அப்படியே எதிர்ப்புத் தீர்மானமும் போட்டது, வரம்பும் உயர்ந்தது.

இப்படிப்பட்ட திரைகள் இன்னும் உண்டு. 1979-ல் டிக் கெப்ஹார்ட் என்ற ஜனநாயகக் கட்சி உறுப்பினரின் பெயரால் பிரதிநிதிகள் சபையில் ஒரு விதி வந்தது. பட்ஜெட் தீர்மானம் நிறைவேறினாலே வரம்பு மசோதாவும் அங்கே நிறைவேறியதாகக் கருதப்படும், தனி ஓட்டு வேண்டாம். குடியரசுக் கட்சியின் கையில் சபை இருந்த 2001-ல் அது போனது, 2003-ல் அவர்களே திரும்பக் கொண்டுவந்தார்கள், 2011-ல் மறுபடி எடுத்தார்கள். 2019-ல் ஜனநாயகக் கட்சி வந்ததும் மீண்டும் முளைத்தது, 2023-ல் மறுபடி போயிற்று.  

2013-லிருந்து இன்னொரு திரை. வரம்பை இத்தனை டாலர் என்று உயர்த்தாமல், இன்ன தேதி வரை "நிறுத்தி வைக்கிறோம்" என்பார்கள். அந்தத் தேதி வரை வாங்கிய கடன் தானாகவே புதிய வரம்பில் சேர்ந்துவிடும். எண் எதுவும் சட்டத்தில் இல்லை, விளம்பரத்தில் காட்டவும் எதுவும் இல்லை.

எதிர்ப் பக்கத்தின் ஆயுதம்

பணயம் வைப்பவருக்கு எதிராக அதிபருக்கு ஒரே ஆயுதம்தான்: பேசவே மாட்டேன் என்பது. 2011 அனுபவத்தில் சூடுபட்ட ஒபாமா 2013-ல் அதைச் செய்தார், பலித்தது. கடனைக் கட்டுவது காங்கிரஸின் கடமை, அதற்கு நான் விலை கொடுக்க மாட்டேன் என்று நின்றார். ஒருமுறை விலை கொடுத்தால் அடுத்த முறை விலை ஏறும் என்பது வாதம்.

2023-ல் ஜனநாயகக் கட்சி அதிபர் ஜோ பைடனும் அப்படித்தான் தொடங்கினார். எதிரில் குடியரசுக் கட்சிச் சபாநாயகர் கெவின் மெக்கார்த்தி, 15-வது சுற்று வாக்கெடுப்பில்தான் பதவியே கிடைத்தவர். அந்தப் பதவிக்காக, ஒரே ஓர் உறுப்பினர் நினைத்தாலும் தன்னை நீக்கத் தீர்மானம் கொண்டுவரலாம் என்று விட்டுக்கொடுத்திருந்தார். அவரால் தன் கட்சியை ஒன்றுசேர்க்கவே முடியாது, பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று வெள்ளை மாளிகை நினைத்தது. ஆனால் ஏப்ரல் 26 அன்று வெட்டுகளோடு கூடிய மசோதாவை 217-215 என்று மெக்கார்த்தி நிறைவேற்றிக் காட்டினார். அந்த ஒரே ஓட்டெடுப்பு பைடனைப் பேச்சுவார்த்தை மேசைக்கு இழுத்தது. உங்களிடம் ஒரு மசோதா கையில் இருந்தால், செயல்படாமல் இருப்பவர் எதிராளி என்று சொல்லிவிடலாம்.

மே கடைசியில் உடன்பாடு. பிரதிநிதிகள் சபையில் 314-117. அதில் பைடன் கட்சியின் ஓட்டு 165, மெக்கார்த்தி கட்சியின் ஓட்டு 149. சபாநாயகரின் மசோதாவுக்கு அவர் கட்சியைவிட எதிர்க்கட்சி அதிகம் ஓட்டுப் போட்டது. ஜூன் 3 அன்று பைடன் கையெழுத்திட்டார், 2025 ஜனவரி 1 வரை வரம்பு நிறுத்தி வைக்கப்பட்டது. தேதியைக் கவனியுங்கள்: அடுத்த அதிபர் தேர்தல் முடிந்து இரண்டு மாதம் கழித்து. அக்டோபர் 3 அன்று அதே ஒற்றை உறுப்பினர் விதியைப் பயன்படுத்தி, சொந்தக் கட்சியின் எட்டுப் பேர் ஜனநாயகக் கட்சியோடு சேர்ந்து மெக்கார்த்தியைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். வரம்பு உடன்பாட்டின் மேல் இருந்த கசப்பு அதற்கு ஒரு காரணம்.

இடையில் 2021-ல் மெக்கானல் வேறொரு ஆட்டம் ஆடினார். அப்போது வெள்ளை மாளிகை, இரு சபைகள் மூன்றும் ஜனநாயகக் கட்சியிடம். அவர் எதையும் கேட்கவில்லை. "எங்கள் ஓட்டு கிடையாது, உங்கள் பாட்டை நீங்களே பாருங்கள்" என்றார். 60 பேர் தேவைப்படாத ரீகன்சிலியேஷன் என்ற பட்ஜெட் நடைமுறையில் நீங்களே தனியாக உயர்த்திக்கொள்ளுங்கள் என்பது அவர் வாதம். அதன் உள்நோக்கம் எளிது: அந்த வழியில் போனால் டாலர் எண்ணைச் சட்டத்தில் எழுதியாக வேண்டும், அந்த எண்ணில் ஜனநாயகக் கட்சிக்காரர்களின் கையெழுத்து மட்டும் இருக்கும். டிரம்ப் காலத்தில் மூன்று முறை நாங்கள் கை கொடுத்தோமே என்று அவர்கள் கேட்டார்கள், பதில் இல்லை. கடைசியில், இந்த ஒரு தடவை மட்டும் சாதாரணப் பெரும்பான்மை போதும் என்று தனியாக ஒரு சட்டமே போட்டார்கள். அதற்கு ஓட்டுப் போட்டு வழிவிட்ட மெக்கானல், வரம்பை 2.5 லட்சம் கோடி உயர்த்தும் மசோதாவுக்கு ஓட்டுப் போடவில்லை. அது 50-49 என்று நிறைவேறியது. 2014-ன் அதே கதை, இந்த முறை முன்கூட்டியே ஒத்திகை பார்த்து நடத்தியது.

நாணயமும் அரசியல் சாசனமும்

ஒவ்வொரு முறையும் இரண்டு குறுக்கு வழிகள் பேச்சில் வரும். பிளாட்டினம் நாணயத்தை எந்த மதிப்பிலும் அச்சிடக் கருவூலத்துக்குச் சட்டம் அனுமதிக்கிறது, ஆகவே ஒரு லட்சம் கோடி டாலர் நாணயம் ஒன்றை அடித்து மத்திய வங்கியில் போட்டுவிடலாமே என்பது ஒன்று. சேகரிப்பாளர்களுக்கான நாணயங்களை மனதில் வைத்து எழுதிய பிரிவு அது. 2013-ல் கருவூலமும் மத்திய வங்கியும் சேர்ந்தே மறுத்துவிட்டன. இன்னொன்று, உள்நாட்டுப் போருக்குப் பின் வந்த அரசியல் சாசனத்தின் 14-வது திருத்தம். அமெரிக்க அரசின் பொதுக்கடன் செல்லுபடியாவதைக் கேள்விக்குள்ளாக்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. அதைக் காட்டி அதிபர் வரம்பையே புறக்கணிக்கலாம் என்று சில சட்ட அறிஞர்கள் சொல்கிறார்கள். எந்த அதிபரும் இதுவரை துணியவில்லை. நீதிமன்றத்தில் வழக்கு நடக்கும்போது அந்தப் பத்திரத்தை யார் வாங்குவார்கள் என்ற பயம் நியாயமானது.

தவறவே இல்லையே, பிறகு என்ன நஷ்டம்?

கடைசி நிமிடத்தில் எப்படியும் உயர்த்திவிடுகிறார்கள், இதில் யாருக்கு என்ன கேடு என்று கேட்கலாம். கேடு உண்டு, கணக்கோடு உண்டு. 2011-ல் மசோதா கெடுவுக்குள் நிறைவேறியது. ஆனாலும் அந்த ஆண்டு மட்டும் அரசின் கடன் செலவு ஏறக்குறைய 130 கோடி டாலர் கூடியதாக அமெரிக்காவின் அரசுத் தணிக்கை அமைப்பு மதிப்பிட்டது. ஆகஸ்ட் 5 அன்று, நாடுகளின் கடன் தகுதிக்குத் தரம் போடும் எஸ் அண்ட் பி நிறுவனம் வரலாற்றில் முதன்முறையாக அமெரிக்காவின் உச்சத் தரக் குறியீட்டை ஒரு படி இறக்கியது. விளிம்பு வரை போகும் இந்த அரசியலையும் அது காரணமாகச் சொன்னது. அடுத்த திங்கட்கிழமை அமெரிக்கப் பங்குச் சந்தையின் டௌ ஜோன்ஸ் குறியீடு 634 புள்ளிகள் விழுந்தது. 2023 ஆகஸ்டில் ஃபிட்ச் நிறுவனமும் இறக்கியது, அதுவும் திரும்பத் திரும்ப வரும் வரம்புச் சண்டைகளைக் குறிப்பிட்டது.

2011-ல் தரம் இறங்கியதும் பயந்த முதலீட்டாளர்கள் எங்கே ஓடினார்கள் தெரியுமா? தரம் குறைந்த அதே அமெரிக்கப் பத்திரங்களுக்குத்தான். உலகத்தில் வேறு ஒதுங்குமிடம் அவ்வளவு பெரிதாக இல்லை. நம் ரிசர்வ் வங்கியின் அன்னியச் செலாவணிக் கையிருப்பிலும் கணிசமான பங்கு அந்தப் பத்திரங்களில்தான் இருக்கிறது. வாஷிங்டனில் யார் முதலில் கண் சிமிட்டுவது என்ற போட்டியில், ஓட்டுரிமையே இல்லாத நாமும் ஒரு மூலையில் பணத்தை வைத்திருக்கிறோம்.

சரி, கடனாவது கட்டுப்பட்டதா? இந்த வரம்பை ஆதரிப்பவர்களின் வாதத்தைப் புறந்தள்ள நான் விரும்பவில்லை. கடனைப் பற்றி காங்கிரஸ் உட்கார்ந்து யோசிப்பதே இந்த ஒரு தருணத்தில்தான், 1985-ல் வந்த சட்டமும் 2011-ல் வந்த கட்டுப்பாடும் இந்த நெருக்கடியால்தான் கிடைத்தன என்கிறார்கள். உண்மைதான். ஆனால் 2011-ல் 14.3 லட்சம் கோடியாக இருந்த வரம்பு 2021 டிசம்பரில் 31.4 லட்சம் கோடி. 2025 ஜனவரியில் திரும்ப வந்தபோது 36.1 லட்சம் கோடி. பிரேக் என்றால் வண்டி நின்றிருக்க வேண்டும். வரிக் குறைப்புக்கோ புதிய திட்டத்துக்கோ ஓட்டுப் போடும் அன்றே, அதனால் வரும் கடனுக்கும் சேர்த்து ஓட்டுப் போடச் சொன்னால் யோசிப்பது சரியான நேரத்தில் நடக்கும். சாப்பிட்டு முடித்த பிறகு கடைக்காரரிடம் மல்லுக்கு நிற்பதில் எந்தச் சிக்கனமும் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

இப்போது எங்கே நிற்கிறது

2024 டிசம்பரில், பதவியேற்கும் முன்பே, டிரம்ப் ஒரு கோரிக்கை வைத்தார்: கடன் வரம்பை இப்போதே உயர்த்துங்கள், அல்லது ஒழித்தே விடுங்கள். உயர்த்துவது பெருமையான காரியம் அல்ல, ஆனால் அது பைடன் ஆட்சியில் நடக்கட்டும் என்று மறைக்காமலே சொன்னார். வரம்பை ஒழிக்கலாம் என்பதில் தான் உடன்படுவதாக ஜனநாயகக் கட்சியின் இடதுசாரிக் குரலான எலிசபெத் வாரன் சொன்னார். ஆனால் பிரதிநிதிகள் சபையில் வரம்பைத் தள்ளிவைக்கும் மசோதா 174-235 என்று தோற்றது. டிரம்பின் சொந்தக் கட்சியிலேயே 38 பேர் எதிர்த்தார்கள்.

பிறகு 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான வரி, செலவு மசோதாவுக்குள்ளேயே 5 லட்சம் கோடி டாலர் உயர்வைச் சேர்த்துவிட்டார்கள். மெக்கானல் 2021-ல் எதிரிகளுக்குச் சொன்ன அதே ரீகன்சிலியேஷன் வழிதான். செனட்டில் 50-50 என்று சமமாகி, துணை அதிபர் ஜே.டி. வான்ஸின் ஓட்டில் வென்றது. அந்த 5 லட்சம் கோடியைக் காரணம் காட்டி எதிர்த்தவர் குடியரசுக் கட்சியின் ராண்ட் பால். ஜனநாயகக் கட்சியின் ஓட்டு எதுவும் தேவைப்படவில்லை, ஆகவே அவர்கள் கையில் பேரம் பேசப் பிடிமானமும் இல்லாமல் போயிற்று. வரம்பு இப்போது 41.1 லட்சம் கோடி. 2026 நவம்பர் இடைக்காலத் தேர்தலுக்கு முன்பு யாரும் இதற்காக இன்னொரு முறை கை தூக்க வேண்டியிருக்கக் கூடாது என்ற கணக்கில் வைத்த எண் அது.